மீனுக்கு வந்த அம்மை

முதலில் அதை ரவை என்றுதான் அபிநயா நினைத்தாள். பெரிய மீனின் வால் ஓரத்தில் வெள்ளையாக ஒரே ஒரு பொட்டு. உப்புமாவுக்கு ரவை வறுத்த கையோடு தொட்டியின் மூடியைத் திறந்தோமே, அதுதான் ஒட்டிக்கொண்டது என்று கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தாள். மீன் திரும்பியது, வாலை வீசியது, பொட்டு மட்டும் விழவில்லை. முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிப் பார்த்தாள். துடுப்பில் இரண்டு இருந்தன. செவுளுக்கு மேலே ஒன்று இருந்தது. அப்புறம்தான், தான் வாங்கி வந்த நாலு குட்டி மீன்கள் பக்கம் அவள் கண் போனது. அவற்றின் உடம்பெல்லாம் பொடியுப்பைத் தூவிவிட்டாற்போல இருந்தது. மாமியார் பக்கத்தில் எங்காவது நிற்கிறாளா என்று பயந்துபோய்த் திரும்பிப் பார்த்தாள்.

மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் இவ்வளவு பயம் எதற்கு என்று கேட்கலாம். கேட்பவர்கள் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டுக் கேட்க வேண்டும்.

கச்சிராயபாளையத்துக்கு அப்பால், கல்வராயன் மலை அடிவாரத்தில், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே இருந்தது வீடு. வீட்டில் இரண்டே பேர்: அபிநயாவும் அவள் மாமியார் பெரியநாயகியும். மாமனார் வீரமுத்து போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷம். மகன் அன்புச்செல்வன் துபாயில் கிரேன் ஓட்டுகிறான். வைகாசியில் கல்யாணம் நடந்தது. ஆடியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் பிரித்து வைப்பது ஊர் வழக்கம், இவர்களுக்கு அந்த வேலையை விமானம் பார்த்துக்கொண்டது. கூடத்தில் இருந்த மூன்றடிக் கண்ணாடித் தொட்டி, அவன் முதல் தடவை வெளிநாடு கிளம்பியபோது வாங்கி வைத்தது. அதில் இரண்டு தங்க மீன்கள். ஆறு வருஷத்தில் ஒவ்வொன்றும் உள்ளங்கை நீளம் வளர்ந்திருந்தது.

பெரியநாயகிக்கு அவை வெறும் மீன்கள் அல்ல. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அதில் ஒன்று மூன்று நாள் தீனி எடுக்காமல் மூலையில் கிடந்தது. அதே மூன்று நாள் அங்கே மகன் டெங்குக் காய்ச்சலில் கிடந்தான். அன்றிலிருந்து, மீன் நன்றாக இருந்தால் பிள்ளை நன்றாக இருக்கிறான் என்பது அவள் முடிவு. காலையில் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பதற்கு முன்னால் தொட்டியைப் பார்ப்பாள். சாயங்காலம் ஏழு மணிக்கு மகன் வீடியோவில் கூப்பிட்டால், முதலில் மீனைக் காட்டிவிட்டு அப்புறம்தான் பெண்டாட்டியைக் காட்டுவாள்.

ஆக, அந்த மீன்கள் செத்தால் ஏதோ மீன் செத்தது என்று யாரும் சொல்லப்போவதில்லை. மருமகள் கால் வைத்த நேரம் என்பார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவளுக்கு இருந்தது, வெளியே சொன்னால் வெட்கம்: ஒருவேளை மாமியார் நினைப்பது உண்மையாக இருந்துவிட்டால்?

தப்பு எங்கே நடந்தது என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். கார்த்திகைச் சீர் வாங்கிக்கொண்டு ரிஷிவந்தியத்திலிருந்து, தாய் வீட்டிலிருந்து, திரும்பும் வழியில் கள்ளக்குறிச்சியில் காரை நிறுத்தச் சொன்னாள். கலர் மீன் கடையில் நாலு குட்டித் தங்க மீன் வாங்கினாள். மாமியார் மனம் குளிர வேண்டும், வேறொன்றுமில்லை. கடைக்காரர் கலையரசன் பையில் காற்றடித்துக் கட்டும்போதே எச்சரித்தார். புது மீனை எடுத்த எடுப்பில் பழைய தொட்டியில் விடாதீர்கள், இரண்டு வாரம் தனியாக ஒரு பக்கெட்டில் வைத்துப் பாருங்கள் என்றார். இவளும் நன்றாகத் தலையை ஆட்டினாள்.

வாசலில் பெரியநாயகி ஆரத்தித் தட்டோடு நின்றாள். புடவை, பூ, பழம், பொரி உருண்டை எல்லாம் ஒரு தாம்பாளத்தில், அதற்கு நடுவில் மீன் பை. உள்ளே வந்ததும் பக்கெட் எங்கே இருக்கிறது என்று அபிநயா கேட்டாள். மீனைத் தனியாக வைக்கத்தான் என்று சொன்னாள். அதற்கு மேல் மாமியார் அவளைப் பேச விடவில்லை.

"சீரா வந்தத தனியா வெக்கறதா? வந்தவளயே தனியா வெச்ச மாதிரிம்மா அது. நல்ல நேரம் முடியறதுக்குள்ள உள்ள வுடு."

அந்தப் பேச்சில் இருந்த பிரியத்துக்கு எதிரில் கடைக்காரர் சொன்னதை எடுத்துச் சொல்ல அவளுக்கு நா எழவில்லை. பையை அவிழ்த்து ஊற்றினாள். மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அது வெள்ளிக்கிழமை. இன்று புதன்.

மாமியார் கொல்லைக்குப் போன நேரம் பார்த்துப் படம் எடுத்துக் கலையரசனுக்கு அனுப்பினாள். அஞ்சு நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார். மீன் கல்லில் உடம்பைத் தேய்க்கிறதா, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நிற்கிறதா, மேலே வந்து வாயைப் பிளக்கிறதா என்று கேட்டார். மூன்றுக்கும் ஆமாம் என்றாள். வெள்ளைப் புள்ளி நோய் என்றார் அவர். புது மீனோடு வரும். மலைக்காற்றில் தண்ணீர் சில்லிட்டு மீன் தளர்ந்தால் தலையெடுக்கும். கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சி தோலுக்குள் புகுந்து உட்கார்ந்திருக்கிறது, அந்த இடம்தான் பொட்டாகத் தெரிகிறது. உள்ளே இருக்கும்வரை எந்த மருந்தும் அதைத் தொடாது. தின்று பெருத்ததும் தானாகக் கழன்று தொட்டியின் அடியில் விழும். அங்கே ஒன்று நூறாகப் பிளந்து, மறுபடி மீனைத் தேடி நீந்தி வரும். அப்படி நீந்தி வருகிறபோதுதான் அதைக் கொல்ல முடியும்.

"தண்ணிய கொஞ்சம் கொஞ்சமா சூடு ஏத்தணும், கல்லுப்பு போடணும். அவ்ளோதான் வைத்தியம். வந்து ஹீட்டர் வாங்கிக்கினு போங்க," என்றார்.

தைக்கக் கொடுத்த ரவிக்கையை வாங்கப் போகிறேன் என்று சொல்லி மறுநாள் கள்ளக்குறிச்சிக்குப் பஸ் ஏறினாள். அந்த வீட்டுக்கு வந்து மாமியாரிடம் சொன்ன முதல் பொய் அது. மடியில் கனமிருந்தால்தானே வழியில் பயம் என்பார்கள். அவள் கைப்பையில் ஹீட்டர் இருந்தது, வழி நெடுக பயம் இருந்தது. பகல் ஒரு மணிக்குத் தெருவில் இறங்கி நடந்தவள் வீட்டு வாசலைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். நிலைப்படியில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது.

அதற்கு ஒரே அர்த்தம்தான். வீட்டில் யாருக்கோ அம்மை போட்டிருக்கிறது. இவளை விட்டால் வீட்டில் இருப்பதோ மாமியார் ஒருத்திதான். அபிநயா செருப்பை எங்கே விட்டாள் என்று தெரியாமல் உள்ளே ஓடினாள். பெரியநாயகி நன்றாகத்தான் இருந்தாள். ஈரப் புடவையோடு, கூந்தலை முடியாமல், தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் மஞ்சளாகக் கலங்கியிருந்தது. மேலே வேப்பிலை மிதந்தது.

"ஆத்தா வந்திருக்கா," என்றாள் அடங்கிய குரலில். "பாரு, முத்து முத்தா போட்டிருக்கா."

மீனுக்கு அம்மை வருமா என்று அபிநயா கேட்கவில்லை. பக்கத்து வீட்டுக் கொளஞ்சியம்மாள் ஏற்கனவே கேட்டுத் தோற்றுப் போயிருந்தாள். ஆத்தா கோழிக்கு வருகிறாள், மாட்டுக்கு வருகிறாள், மீனுக்கு மட்டும் வராமல் போக அவளுக்கு என்ன நீச்சலா தெரியாது என்று மாமியார் அவள் வாயை அடைத்திருந்தாள்.

அன்றிலிருந்து வீட்டில் தாளிப்பு நின்றது. எண்ணெய்ச் சட்டி அடுப்பேறவில்லை. தலை வாரக் கூடாது, வெளியாள் வாசல் தாண்டக் கூடாது, மருந்து என்கிற பேச்சே கூடாது. அம்மை கண்ட உடம்புக்குச் சூடு ஆகாது, உப்பு ஆகாது, குளிர்ச்சி ஒன்றுதான் வேண்டும். அதனால் காலையும் மாலையும் மண்பானைத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு தொட்டியில் ஊற்றினாள் பெரியநாயகி. அந்தக் குளிரில் பானைத் தண்ணீரில் விரலை விட்டால் விறைத்துவிடும். கடைக்காரர் சொன்ன வைத்தியமோ சூடும் உப்பும். ஆத்தாளுக்கு எதெல்லாம் ஆகாதோ அதையெல்லாம் அந்த மனுஷர் பொறுக்கி எடுத்துச் சொன்னது போல இருந்தது.

அபிநயாவின் பாடு திருடனுக்குத் தேள் கொட்டிய பாடு. உண்மையைச் சொன்னால் நோயைக் கொண்டு வந்தவள் ஆவாள். சொல்லாவிட்டால் மீன் போய்விடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் பயமாக இருந்தது.

மாமியார் மாரியம்மன் கோயிலுக்குப் போன அரைமணி நேரத்தில், தொட்டியின் பின்மூலையில் பிளாஸ்டிக் செடிக்குப் பின்னால் ஹீட்டரை ஒட்டினாள். சூடேறும்போது அதன் தலையில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு எரியும். அதன் மேல் கறுப்பு டேப் சுற்றினாள். வயரைக் காற்று மோட்டாரின் வயரோடு சேர்த்துக் கட்டினாள். கலையரசன் சொன்னபடி ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் ஏற்றவில்லை. மேலே மாமியார் குளிர வைத்தாள், கீழே மருமகள் காய்ச்சினாள். நடுவில் மாட்டிக்கொண்ட மீன்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் உப்புப் போட அவளுக்குத் தைரியம் வரவில்லை. கல்லுப்பு ஜாடியை எடுப்பாள், மறுபடி இருந்த இடத்திலேயே வைத்துவிடுவாள். சின்ன வயதில் அவளுக்கு அம்மை போட்டபோது அவள் அம்மா ஒன்பது நாள் உப்பில்லாத கஞ்சி ஊட்டினாள். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள்தான், உப்பைப் பற்றி மூன்று வருஷம் பரீட்சை எழுதியவள்தான். அந்தப் படிப்பெல்லாம் அந்த ஜாடிக்கு முன்னால் எடுபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பெரிய மீன்கள் இரண்டின் மேலும் ஒரு பொட்டுகூட இல்லை. குட்டிகளும் ஏறக்குறைய சுத்தமாக இருந்தன.

எறங்கிட்டா, எறங்கிட்டா என்று பெரியநாயகி வீட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். அம்மை இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட தண்ணீரை முற்றத்து வெயிலில் வைத்து எடுத்து, தொட்டிக்குள் மூன்று கை தெளித்தாள். முதல் தண்ணீர் ஆயிற்று. கூழ் காய்ச்சிக் கொளஞ்சியம்மாளுக்கு ஒரு சொம்பு கொடுத்தாள். அபிநயாவும் அவர்களோடு நின்று சிரித்தாள். அவளுக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது. அந்த நிம்மதியோடு கொல்லைப்புறம் போய்க் கலையரசனுக்குச் சேதி சொன்னாள்.

"சந்தோஷப்படாதீங்கம்மா," என்றார் அவர். "போவல அது. அடியில உக்காந்து பெருகிக்கினு இருக்கும். ஒரு நாளோ ரெண்டு நாளோ, திரும்ப வரும், ஜாஸ்தியா வரும். அதுக்குள்ள உப்பு போடலன்னா பெரிய மீனு தாங்காது."

அவள் திரும்பிக் கூடத்துக்கு வந்தாள். தொட்டி பளிச்சென்று இருந்தது. கூழாங்கற்களுக்கு மேலே மீன்கள் சும்மா நீந்திக்கொண்டிருந்தன. அந்தக் கற்களுக்கு இடையில் கண்ணுக்குத் தெரியாமல் என்ன கிடக்கிறது என்று தெரிந்தவள் அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

திங்கட்கிழமை மத்தியானம் மாமியார் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனாள். கலையரசன் சொன்ன கணக்கு, பத்து லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி உப்பு, மூன்று பங்காகப் பிரித்து, கரைத்து, ஒரேயடியாகக் கொட்டாமல் ஊற்ற வேண்டும். முதல் பங்கைக் கரைத்து ஊற்றினாள். ஊற்றிவிட்டு, தாயே மன்னிச்சிடு என்று வாய்க்குள் சொன்னாள்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்குத் துபாயிலிருந்து அழைப்பு வரவில்லை.

எட்டு மணிக்கும் வரவில்லை. இவர்கள் கூப்பிட்டால் போகவில்லை. அனுப்பிய செய்திக்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்தது. பெரியநாயகி போனை மடியில் வைத்துக்கொண்டு தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள். அபிநயா சாப்பிடவில்லை. உப்புக் கரைத்த கையைப் புடவையில் துடைத்தாள், மறுபடி கழுவினாள், மறுபடி துடைத்தாள். கிரேன் எவ்வளவு உயரம் என்று அவன் ஒருநாள் பெருமையாகக் காட்டிய வீடியோ திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது.

செவ்வாய் காலையில் குட்டி மீன் ஒன்று பக்கவாட்டில் மிதந்தது. மாமியார் அதை வேப்பிலையில் சுற்றி எடுத்துப்போய் மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தாள். திட்டினாலாவது தேவலை என்றிருந்தது அபிநயாவுக்கு. போன் இன்னும் போகவில்லை. அவள் போய் ஹீட்டரின் பிளக்கைப் பிடுங்கினாள். இனி உப்பும் வேண்டாம், சூடும் வேண்டாம், அவர் குரலைக் கேட்டால் போதும் என்று சாமி படத்துக்கு முன்னால் நின்று வேண்டிக்கொண்டாள்.

வேண்டுதல் மத்தியானம் வரைதான் தாங்கியது. பெரிய மீன் ஒன்று அடியில் போய்ப் பக்கவாட்டில் சரிந்து, கல்லில் உடம்பை உரசிக்கொண்டு மேலே பாய்ந்தது. மறுபடி உரசியது. கல் நகர்ந்து கண்ணாடியில் இடித்தது. செவுள் ஓரத்தில் புதிதாக ஒரு வெள்ளைப் பொட்டு இருந்தது. இப்படியே கைகட்டி நின்றால் நாளைக்கு இதையும் வேப்பிலையில் சுற்ற வேண்டியதுதான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனது ஆகட்டும் என்று பிளக்கைச் செருகினாள். ஜாடியை எடுத்து வந்து, சொம்பில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னா போடற?"

மாமியார் பின்னால் நின்றிருந்தாள். கொல்லைக்குப் போனவள் எப்போது திரும்பினாள் என்று தெரியவில்லை. அபிநயா ஒரு பொய்யைத் தேடினாள். ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"உப்புங்க அத்த."

அதற்கப்புறம் அவளால் நிறுத்த முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். கடைக்காரர் தனியாக வைக்கச் சொன்னது, இவள் மறைத்தது, ரவிக்கைப் பொய், ஹீட்டர், நேற்று ஊற்றிய உப்பு, அன்று சாயங்காலம் வராத போன்.

"நான் வாங்கியாந்த மீனாலதான் வந்துச்சுங்க. பொட்டு மறஞ்சிடுச்சே, அது சரியானது இல்லைங்க அத்த. எறங்கினப்புறந்தான் அது கொல்லும்."

பெரியநாயகியின் முகம் கடைசி வார்த்தையில் மாறியது. அவள் தொட்டிக்குள் கையை விட்டாள். கொஞ்ச நேரம் எடுக்கவில்லை.

"தண்ணி வெதுவெதுன்னு இருக்கறது முந்தாநாளே தெரியும். நீ இன்னாமோ செஞ்சிக்கினு இருக்கேன்னு தெரியும். கேக்க பயம்மா எனக்கு."

பிறகு தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு சொன்னாள்.

"அன்புக்கு முன்னால எனக்கொரு பொண்ணு. செவ்வந்தின்னு பேரு. நாலு வயசுல அம்ம போட்டுச்சி. எறங்கிட்டான்னு மூணு தண்ணி ஊத்தினேன், புதுப் பாவாட கட்டி வுட்டேன். நாலாம் நாளு மூச்சு இழுத்துக்கினு கெடந்தா. ஆஸ்பத்திரிக்குத் தூக்கினா ஆத்தா கோச்சிக்குவான்னு சொன்னாங்க. நான் தூக்கல."

அந்த வீட்டில் அப்படி ஒரு பெண் இருந்ததை அபிநயா அன்றுதான் கேள்விப்பட்டாள். சுவரில் அவள் படம் இல்லை. புருஷன்கூடச் சொன்னதில்லை. உப்புக் கலக்கிய சொம்பு இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

பெரியநாயகி எழுந்து அந்தச் சொம்பை அவள் கையிலிருந்து வாங்கினாள்.

"நீ போடாத. நீ வாழப்போற பொண்ணு. ஆத்தா கேட்டா என்னயக் கேக்கட்டும்."

அவள் ஊற்றியதில் பாதித் தண்ணீர் கண்ணாடியின் வெளிப்பக்கம் வழிந்தது. இன்னும் எவ்வளவு போட வேண்டும் என்று கேட்டாள். நாளைக்கு ஒரு பங்கு என்றாள் அபிநயா. மாமியார் சாமி படத்துக்கு முன்னால் போய் நின்று, இந்த மீன்கள் உப்பில் இருக்கிறவரை என் சோற்றில் உப்பு கிடையாது தாயே என்று சத்தமாகவே சொன்னாள்.

ஏழு மணிக்குப் போன் வந்தது. புது நம்பர். கிரேன் கூண்டிலிருந்து போன் கீழே விழுந்து தூளாகிவிட்டதாம், கூட வேலை செய்பவனின் போனில் பேசுகிறானாம். குரலைக் கேட்டதும் இரண்டு பேரும் ஒரே போனுக்குள் முகத்தை நுழைத்தார்கள். தொட்டியைக் காட்டியதும், மீனில் ஒன்று குறைகிறதே என்று அவன் கேட்டான். அபிநயா வாயைத் திறப்பதற்குள் பெரியநாயகி முந்திக்கொண்டு, நான்தான் அவசரப்பட்டு உள்ளே விடச் சொன்னேன் என்று சொல்லிவிட்டாள்.

அதோடு பயம் போய்விடவில்லை. கலையரசன் சொன்னது போலவே புள்ளிகள் திரும்பி வந்தன. குட்டிகளில் இன்னும் இரண்டு போயின. பெரிய மீன்கள் இரண்டு நாள் அடியில் படுத்தே கிடந்தன, அந்த இரண்டு நாளும் இரண்டு பெண்களும் மாறி மாறித் தொட்டிக்கு எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் குழாய் வைத்து அடியில் இருக்கும் கசடை உறிஞ்சி எடுத்தார்கள். எடுத்த அளவுக்குப் புதுத் தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, உப்புக் கரைத்து ஊற்றினார்கள். உப்பை மட்டும் மாமியார் மருமகள் கையால் தொட விடவில்லை. கடைசிப் பொட்டு மறைந்த பிறகும் ஒரு வாரம் விட வேண்டாம் என்று கலையரசன் சொல்லியிருந்தார். பெரியநாயகி விடவில்லை. அத்தனை நாளும் உப்பில்லாத சோற்றை மோரில் கரைத்துக் குடித்தாள்.

மார்கழி பிறந்த பிறகு, ஒரு புதன்கிழமை, ஹீட்டரைக் கழற்றினார்கள். பெரிய மீன்கள் இரண்டும், மிஞ்சிய ஒரே குட்டியும் தீனிக்கு மேலே வந்து வாயைத் திறந்தன. அன்று மத்தியானம் அபிநயா கடுகு தாளித்து முருங்கைக்காய்ப் புளிக்குழம்பு வைத்தாள். மாமியாருக்கு இலை போட்டுப் பரிமாறிவிட்டுப் பக்கத்தில் நின்றாள். பெரியநாயகி ஒரு வாய் பிசைந்து வைத்தாள். முகத்தைச் சுளித்தாள்.

"உப்பு ஜாஸ்தி," என்றாள்.

அந்த வீட்டில் மாமியாரின் முகம் சுளிந்தால் அபிநயா உடனே தலையைக் குனிந்துகொள்வாள். அன்று குனியவில்லை.

"அளவாத்தாங்க போட்டேன். உங்க நாக்குதான் மறந்துபோச்சி அத்த."

பெரியநாயகி நிமிர்ந்து மருமகளைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது, அதைத் துடைக்கவில்லை.

"அவளும் இப்டித்தான், சொல்லுக்குச் சொல்லு எதுத்துப் பேசுவா," என்றாள். பிறகு இன்னும் ஒரு கரண்டி குழம்பு ஊற்றச் சொன்னாள்.